மதுரால மாட்டிக்கிட்டோம்

ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்ப்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு விசா கொடுக்கிறது. வயது முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எங்கள் வீட்டில் குலுக்கலில் யாருக்கும் ஒரு பிரஷர் குக்கர்கூட விழுந்ததில்லை. அதனால் நான் விண்ணப்பித்தபோது அம்மா கவலைப்படவில்லை. விழுந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"வேல பாக்கப் போறியா, ஊர் சுத்தப் போறியா?"

"ரெண்டுந்தாம்மா."

"ரெண்டையும் எப்பிடிடி ஒண்ணாப் பண்ணுவ?"

நியாயமான கேள்வி. போய்விட்டு வந்த பிறகும் எனக்குச் சரியான பதில் தெரியாது.

கோச்சடையில் எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அண்ணனுக்கு அவனியாபுரத்தில் கார் ஒர்க்‌ஷாப். அவருக்குக் கல்யாணமும் ஆகி, விவாகரத்தும் ஆகிவிட்டது. மதினி நர்ஸ், உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பிரிந்ததும் அடிலெய்டுக்குப் போய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சே கிடையாது. பேசியே ஆக வேண்டும் என்றால் அம்மா 'அந்தப் பொண்ணு' என்பார். 'அந்தப் பொண்ணு வாங்குன மிக்ஸி இன்னும் நல்லா ஓடுது' என்கிற அளவில். அண்ணன் அந்த அளவுக்கும் பேச மாட்டார். மிக்ஸி ஓடும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

எனக்கு மட்டும் மதினி மதினியாகவே இருந்தார். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அந்த விசாவைப் பற்றிச் சொன்னதே அவர்தான். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

போய் இறங்கி, ஒரு திராட்சைத் தோட்டத்தில் சில மாதங்கள் குலை வெட்டினேன். சீசன் முடிந்து, முதுகுப் பையோடு அடிலெய்டு வந்தபோது மதினிக்குப் பெர்த்தில் வேறு வேலை கிடைத்திருந்தது. பெர்த் அந்தக் கண்டத்தின் மறுகோடி. விமானத்தில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

"வேன்ல போவோம், வாரியா?" என்றார் மதினி. "மாத்தி மாத்தி ஓட்டலாம்."

"பிளைட்ல போகலாமே மதினி."

"கிரைண்டர என்ன பண்றது?"

அவரிடம் ஒரு பழைய வேன், ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர், இட்லிக் கொப்பரை, ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி ஆகியவை இருந்தன. கிரைண்டருக்காக இரண்டு பேர் ஒரு பாலைவனத்தைக் கடப்பது என்று முடிவானது.

வீட்டுக்குப் போன் செய்து, தோழி ஒருத்தியோடு பெர்த் போகிறேன் என்றேன்.

"எந்த ஊருப் பொண்ணு?" என்று அம்மா கேட்டார்.

"நம்ம பக்கந்தாம்மா."

"அப்பச் சரி."

முதல் நாளே, பெட்ரோல் போட்டுவிட்டு எஞ்சினை ஓடவிட்டபடி இருவரும் இறங்கி, ஆளுக்கொரு கதவைப் பூட்டிவிட்டோம். சாவி உள்ளே. ஒரு லாரி டிரைவர் வந்து துணி மாட்டும் கம்பியை வளைத்துக் கண்ணாடி இடுக்கில் விட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டார். எங்கே பழகினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

செடுனா என்ற ஊரில் கடலோரமாகக் கூடாரம் போடலாம் என்று பையைப் பிரித்தோம். பழைய சாமான் கடையில் வாங்கிய கூடாரம். துணி இருந்தது, கம்பிகள் இல்லை. வேனுக்குள்ளேயே படுத்தோம். நடுவில் கிரைண்டர். திரும்பிப் படுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைக் கட்டிப்பிடித்திருப்போம்.

அடுத்து, திமிங்கிலம் பார்க்கும் இடம் என்று ஒரு பலகை. பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே ஓட்டிப் போனோம். திமிங்கிலங்கள் குளிர்காலத்தில்தான் வருமாம். நாங்கள் போனது வெயில்காலம். கடல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அங்கிருந்து நல்லர்பார் சமவெளி. மரம் இல்லை, மேடு இல்லை, வளைவு இல்லை. மஞ்சள் பலகையில் ஒட்டகம், வாம்பட், கங்காரு என்று மூன்று படங்கள் போட்டு எச்சரித்திருந்தார்கள். மூன்றில் ஒன்றும் வரவில்லை. ஈக்கள் வந்தன. அவற்றுக்குப் பலகை வைக்கவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. காய்கறி, பழம், தேன், செடி எதுவும் உள்ளே போகக் கூடாது. பூச்சியும் நோயும் பரவிவிடும் என்று விதி. இது தெரிய வந்தது சாவடிக்குச் சற்று முன்னால், பெட்ரோல் போட்ட இடத்தில். வேனில் ஒரு பை வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், இஞ்சி, பூண்டு.

"சமைச்சுட்டா விடுவாங்களாம்" என்று விசாரித்து வந்தார் மதினி.

சாலையோரத்தில் கேஸ் அடுப்பை வைத்தோம். காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. நான் கூடாரத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பயணத்தில் அந்தத் துணி செய்த ஒரே வேலை அதுதான். இருந்ததையெல்லாம் மதினி ஒரே குழம்பாக வைத்தார். பிறகு கறிவேப்பிலைச் செடி முன்னால் உட்கார்ந்து ஒரு இலை விடாமல் உருவி, புளி வைத்துத் தொக்காகக் கிண்டி, பாட்டிலில் அடைத்தார். செடி மொட்டையாக நின்றது.

சாவடியில் இருந்த அம்மாள் மரியாதையானவர். குழம்பை மோந்து பார்த்துத் தலையாட்டினார். தொக்குக்கும் தலையாட்டினார். செடியைப் பார்த்ததும், "சாரி டியர்" என்றார்.

"இலையே இல்லைங்க" என்று மதினி இங்கிலீஷில் வாதாடினார்.

"வேர் இருக்கிறதே" என்றார் அந்த அம்மாள்.

தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். செடி குப்பைத் தொட்டிக்குள் போனது. விவாகரத்து ஆன அன்று நான் மதினியோடு இருந்தேன். கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும், "பசிக்குது, வா" என்று பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். இந்தத் தடவை வெகுதூரம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. காலித் தொட்டியை மடியிலேயே வைத்திருந்தார். நான்தான் ஓட்டினேன்.

கடைசியில் பேசியது வேன்தான். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய், முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. நிறுத்தித் திறந்து பார்த்தோம். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஓரத்தில் கிழிந்து, தண்ணீர் முழுவதும் ரோட்டில் கிடந்தது. அந்த வழியாக கேரவனில் வந்த வயதான தம்பதி எங்களைப் பார்த்து நின்று, அடுத்து வரும் ரோடு ஹவுஸில் சொல்லி ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பெட்ரோல் பங்க், சாப்பாடு, தங்க நாலு அறை, எல்லாம் ஒரே ஆள் நடத்தும் இடத்துக்கு அங்கே ரோடு ஹவுஸ் என்று பெயர். அந்த ஆளே தன் வண்டியில் வந்து, எங்களை வேனோடு கட்டி இழுத்துப் போனார்.

ஊர்ப் பலகையைப் பார்த்ததும் மதினி பல மணி நேரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"ஏய், என்ன எழுதியிருக்கு படி."

மதுரா என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊரை எப்படி எழுதினானோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே.

இறங்கியதும் நான் ரோடு ஹவுஸ்காரரிடம், "நாங்கள் மதுரையிலிருந்து வருகிறோம்" என்றேன்.

"நீங்கள் நிற்பதே மதுராதான்" என்றார் அவர்.

"இல்லை, நாங்கள் மதுரைக்காரர்கள்."

வெயிலில் நின்று மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். போன நூற்றாண்டுக்கும் முந்தி, இந்தியாவில் இருந்த பட்டாளத்துக்கு அங்கே குதிரை வளர்த்துக் கப்பலேற்றினார்களாம். பெயர் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. புது ஹோஸ் பெர்த்திலிருந்து லாரியில் வர வேண்டும், நாளையோ மறுநாளோ வரும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்தக் கவலையும் இல்லை.

என் போனில் சிக்னலே கிடையாது. மதினி போனில் ஒரு கோடு விட்டுவிட்டு வந்தது. அதிலிருந்து நெட் எடுத்து வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடலாம் என்று உட்கார்ந்தேன். 'கூட ஒரு தோழி இருக்கிறாள்' என்று அடிக்கப் போனபோது மதினி தடுத்தார்.

"நான் இருக்கேன்னே சொல்லு. எவளோ ஒருத்தி கூட நடுரோட்டுல நிக்கிறன்னா அத்த தூங்காது. திட்டுனாத் திட்டட்டும்."

எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். நான் அடித்தது இது: 'வண்டி ரிப்பேர். மதுரால மாட்டிக்கிட்டோம். மதினி கூட இருக்காங்க. பயப்படாதீங்க.' அண்ணனுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு டிக் வந்தது. உடனே அந்த ஒரு கோடும் போய்விட்டது. டவர் அடிக்கடி இப்படிப் படுத்துவிடும், காலையில் வரலாம் என்றார் ரோடு ஹவுஸ்காரர்.

மதுரையை நாங்கள் யாரும் மதுரை என்று சொல்வதில்லை. 'மதுர' என்போம். மதுரையில் இருக்கிறேன் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாலும், மதுராவில் இருக்கிறேன் என்று அடித்தாலும் ஒன்றுபோலத்தான் நிற்கும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்கப்புறம் மதுரையில் நடந்ததை அம்மா, அண்ணன், மதினியின் அப்பா மூவரும் பிற்பாடு என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றும் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தியவரை சொல்கிறேன்.

அண்ணன் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தபோது மெசேஜ் வந்தது. படித்துவிட்டு அப்படியே எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டார். நான் யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டேன், கூடவே மதினியும் வந்திருக்கிறார், ஏர்போர்ட்டிலிருந்து ஏறிய கார் எங்கேயோ நின்றுவிட்டது. இதுதான் அவருக்குப் புரிந்தது. எனக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஏர்போர்ட் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிடு தூரம். பைக்கை எடுத்துக்கொண்டு போய் வாசலில் விசாரித்தார். பயணிகள் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் நின்ற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தார். பஞ்சர் கடை ஒவ்வொன்றிலும் கேட்டார்.

"அண்ணே, ரெண்டு பொம்பளைக, பெரிய பையோட, கார் நின்னு போயி இந்தப் பக்கம் வந்தாகளா?"

யாரும் வரவில்லை. பழங்காநத்தம் வந்ததும் அண்ணன் ஒரு சலூனுக்குள் போய் முடி வெட்டி ஷேவும் செய்துகொண்டார். எங்கள் இருவரையும் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில். பிறகு நான் இதைப் பற்றிக் கேட்டபோது, "சலூன் கண்ணாடில ரோடு நல்லாத் தெரியும். வந்தாப் பாத்துரலாம்னு உக்காந்தேன்" என்றார்.

வீட்டில் அம்மா கோழி வாங்கி வரச் சொல்லிக் குழம்பு வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாராம். அந்தப் பொண்ணுக்குமா என்று நான் கேட்டேன்.

"வாசல்ல வந்து நின்னா வெறும் வயித்தோடயா அனுப்புவாக?" என்று என்னிடமே கோபப்பட்டார்.

பொழுது சாயும்போது அண்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை. மதினியின் அப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, போன் செய்தார். விவாகரத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. கல்யாண வீடுகளில் எதிரே பார்த்தால் ஆளுக்கொரு பந்தியில் உட்காருவார்கள்.

"உங்க மக ஊருக்கு வந்துருக்காளா?" என்று அண்ணன் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் சொல்லலியே மாப்ள."

பழக்கத்தில் மாப்ள என்று வந்துவிட்டது. இந்த இடத்தை மட்டும் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

மாமா அடுத்த பஸ்ஸில் ஏறி ஆரப்பாளையம் வந்து இறங்கினார். மகள் வந்தால் கொடுக்கலாம் என்று தோட்டத்துக் கத்தரிக்காய் ஒரு பை. அண்ணன் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய் விபத்துப் பிரிவில் விசாரித்தார். பிறகு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லாட்ஜுகள். ஒரு லாட்ஜ்காரர், "உங்களுக்கு அவங்க என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். மாமா "மக" என்றார். அண்ணன் "தங்கச்சி" என்றார். ஒரே ஆளைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்த லாட்ஜ்காரர் இருவரையும் சந்தேகமாகப் பார்த்து, ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கடைசி பஸ் போய்விட்டதால் மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். எங்களுக்காக வைத்த கோழிக்குழம்பை அவர்தான் சாப்பிட்டார்.

மறுநாள் மதுராவில் நாங்கள் குளித்து, ரொட்டியில் தொக்குத் தடவிச் சாப்பிட்டு முடித்தபோது டவருக்கு உயிர் வந்தது. வீடியோ கால் போட்டேன். திரையில் அம்மா முகம். பின்னால் புது முடிவெட்டோடு அண்ணன். அதற்கும் பின்னால், எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில், அண்ணனுடைய கைலியைக் கட்டிக்கொண்டு காபி குடித்தபடி மாமா.

"எங்கப்பா ஏன் ஒங்க வீட்டுல இருக்காரு?" என்றார் மதினி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"எங்கடி இருக்க?" என்று அம்மா கத்தினார்.

"மதுராலம்மா."

"மதுரலதான்டி, எந்த ஏரியா?"

"மதுரல இல்லம்மா, மதுரால! ஆஸ்திரேலியால மதுரான்னு ஒரு ஊரு."

அம்மா போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அண்ணனிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நான் ஊர்ப் பலகையைக் காட்டியதும்தான் நம்பினார். மாமா மட்டும் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்க ஆரம்பிக்கச் சில வாரங்கள் ஆயின.

"வண்டிக்கு என்ன?" என்று அண்ணன் கேட்டார்.

எனக்கு விவரம் தெரியவில்லை. மதினி போனை வாங்கி எஞ்சின் பக்கம் நீட்டினார். பிரிந்த பிறகு அவர்கள் முதல்முறையாகப் பேசியது அப்போதுதான்.

"ஹோஸ் ஓரத்துலதான கிழிஞ்சிருக்கு?"

"ஆமா."

"கிழிஞ்ச வரைக்கும் கட் பண்ணிட்டு, மிச்சத்த மாட்டி கிளிப்ப இறுக்கு."

"புது ஹோஸ் வந்துட்டு இருக்கு."

"அது என்னைக்கு வாரது? சொல்றதச் செய்யி."

மதினி கத்தியை எடுத்து வெட்டினார். மாட்டினார். இறுக்கினார்.

"இன்னும் இறுக்கு."

"இறுக்கியாச்சு."

"தண்ணி ஊத்தி எடுத்துப் பாரு."

எடுத்தோம். மதுராவுக்கு மேற்கே ஒரு மேடு ஏற வேண்டும். அதன் உச்சியில் ஹோஸ் கழன்று, வேன் மறுபடி புகைந்து நின்றது. வெட்டியதில் ஹோஸ் நீளம் பற்றவில்லை. கிழிசலில் டேப் சுற்றியாவது ஓட்டியிருக்கலாம், இப்போது அதுவும் முடியாது என்று, இரண்டாவது தடவையாக எங்களைக் கட்டி இழுக்க வந்த ரோடு ஹவுஸ்காரர் விளக்கினார்.

"யார் இதை வெட்டச் சொன்னது?" என்று கேட்டார்.

"என் முன்னாள் கணவர்" என்றார் மதினி.

அவர் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைக் கட்டினார்.

ஹோஸ் வரும்வரை மேட்டின் கீழே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போதாவது ஒரு லாரி போகும். அண்ணன் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோபம்லாம் இல்ல. நல்ல மனுஷந்தான்" என்றார் மதினி. "ஆனா எங்கிட்ட என்ன இருக்குன்னு கேக்க மாட்டாரு. என்ன செய்யணும்னு சொல்லிருவாரு. நானும் எதுக்குச் சண்டன்னு வெட்டிருவேன்."

எங்கள் வீட்டில் விவாகரத்துக்கான காரணத்தை யாரும் எனக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இது அதில் எதிலும் சேரவில்லை.

அடுத்த நாள் லாரி வந்தது. புது ஹோஸை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பெர்த் வரை வேன் எந்தக் குறையும் வைக்கவில்லை. பெர்த்தில் வாடகை அறையைக் கண்டுபிடித்து, கிரைண்டரை மாடிக்குத் தூக்கும்போது மட்டும் நான் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தேன். மதினி மருந்து தேய்த்துவிட்டார்.

அவர்கள் மறுபடி சேர்ந்துவிட்டார்களா என்று சொந்தக்காரர்கள் இப்போதும் கேட்கிறார்கள். இல்லை. மெசேஜ் பார்த்து அண்ணன் முடி வெட்டிக்கொண்டதற்கு எந்தப் பலனும் இல்லை. ஆனால் சந்தைக்கு வரும்போதெல்லாம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுத்தான் போகிறார். அண்ணனை மாப்ள என்றே கூப்பிடுகிறார், அண்ணன் திருத்துவதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பெர்த்தில் ஒரு நாள் மதினியின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார், எடுத்தார்.

"சொல்லுங்க அத்த."

மறுமுனையில் அம்மா வணக்கமும் சொல்லவில்லை, நலமும் விசாரிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது வலிக்கவில்லை, இது என்ன என்று கேட்டார். மதினி எந்தப் பக்கம் வலிக்கிறது, வீங்கியிருக்கிறதா, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெகுநேரம் பேசினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் போனைக் கொடு என்று அம்மா சொல்லவில்லை.